மீந்த மாத்திரையும் ஊர்ப் பொது ஏரியும்



“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழியை நம் இல்லங்கள் இன்று ஒரு தவறான வழக்கத்திற்குத் துணையாகக் கொண்டுவிட்டன. ஐந்து நாள், ஏழு நாள் உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை, மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தவுடனேயே நிறுத்திவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் எறிய மனம் வருவதில்லை. ஆகவே மீந்த மாத்திரைகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைச் சென்றடைகின்றன. அடுத்த மழைக்காலத்தில் வீட்டில் எவருக்கேனும் தொண்டை கரகரத்தால் அந்த டப்பா திறக்கப்படுகிறது. “எனக்கு இதுதான் கேட்டது, நீயும் இரண்டு போட்டுக்கொள் அம்மா” என்று அன்போடு கொடுக்கிறார் மாமியார். மறுப்பின்றி விழுங்குகிறார் மருமகள்.

மயிலாப்பூரின் மாட வீதிகளாயினும், மந்தைவெளியின் ஒண்டுக் குடித்தனங்களாயினும், அடையாற்றின் அடுக்குமாடி வீடுகளாயினும் இத்தகைய டப்பா இல்லாத இல்லம் அரிது. இச்சிறு டப்பாவுக்கும், புது தில்லியில் வகுக்கப்படும் நாட்டுக் கொள்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பையே இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம். நம் சென்னை மாநகரே இவ்வரலாற்றில் மும்முறை இடம்பெற்றிருப்பதால், இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று.

கிருமி கற்கும் பாடம்

ஆன்டிபயாடிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் வரலாறு மிகப் பழையதன்று. 1928-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் புனித மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர், பிள்ளைப்பேற்றின்பின் வரும் காய்ச்சலில் தாய்மாரும், நிமோனியாவில் குழந்தைகளும், ஒரு சிறு காயம் சீழ்பிடித்ததனால் உழைப்பாளிகளும் மடிந்தது அன்றாட நிகழ்ச்சி. அந்நிலையை மாற்றிய பிளெமிங்கே 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் நோபல் பரிசு பெற்ற வேளையில் உலகை எச்சரித்தார். தொண்டைவலி கொண்ட ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார், கிருமி சாகாமல், அம்மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது, அதே கிருமி அவருடைய மனைவியைத் தொற்றுகிறது, இப்போது பெனிசிலின் பயன்படவில்லை, மனைவி இறக்கிறார். அவரது இறப்புக்குப் பொறுப்பாளி யார் என்பதே பிளெமிங் எழுப்பிய வினா. மேலே கண்ட மாமியாரையும் மருமகளையும் அவர் அறிந்தே பேசியதுபோல் தோன்றுகிறதன்றோ?

“மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, இனி வேறு எழுதிக் கொடுங்கள்” என்று நம்மவர் மருத்துவரிடம் சொல்வதுண்டு. இது பிழையான கருத்து. பழகியது நம் உடம்பன்று, கிருமி. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதோ சில, இயற்கையாகவே மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றுள்ளன. மருந்து மற்றவற்றைக் கொன்று தீர்க்க, இச்சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. அவை நம்மோடு நிற்பதில்லை. இருமல் வழியாகவும், கழுவாத கை வழியாகவும், கழிவுநீர் வழியாகவும் பிறரை அடைகின்றன. எனவே ஒரு முறைகூட ஆன்டிபயாடிக் உட்கொள்ளாத பச்சிளங்குழந்தையும் மருந்துக்கு அடங்காத கிருமிக்கு இரையாகக்கூடும்.

மற்றொன்றையும் தெளிவாக அறிந்துகொள்ளவேண்டும். இம்மருந்துகள் பாக்டீரியா எனும் கிருமிகளையே கொல்லும். வைரசுகளை ஒன்றும் செய்யா. சாதாரணச் சளி, மூக்கொழுக்கு, இன்புளுயன்சா, டெங்கு ஆகியவை வைரசால் வருபவை. அவற்றிற்கு ஆன்டிபயாடிக் உண்பதால் நோய் ஒரு நாளும் குறையாது. நம் உடலில் வாழும் பிற கிருமிகளுக்குப் பயிற்சி அளித்ததே மிச்சம்.

சென்னை தந்த முதற்பாடம்

1956-ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது. காசநோயாளரை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்தே குணப்படுத்தவேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. ஆனால் நோயாளரின் தொகைக்குப் படுக்கைகள் எங்ஙனம் போதும்? ஆகவே ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. 193 நோயாளரில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறுபகுதியினர் நெருக்கமான தம் ஏழை இல்லங்களிலும் ஓராண்டுக் காலம் சிகிச்சை பெற்றனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், இல்லத்தில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதன்பின் உலக நாடுகள் பலவற்றில் சானடோரியங்கள் படிப்படியாக மறைந்தன.

இவ்வெற்றி எவ்வாறு கிட்டியது? ஒரே மருந்தைத் தனித்துக் கொடுத்தால் காசக் கிருமி அதை விரைவில் வென்றுவிடும் என்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே இரண்டு மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. மருந்தைக் கொடுத்ததோடு நில்லாமல், நிலையத்தார் முன்னறிவிப்பின்றி இல்லங்களுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்தனர்; உண்ணாதவருக்கு எடுத்துரைத்தனர். ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி ஓராண்டுக் காலம் தவறாமல் மருந்துண்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மருந்து இலவசமாகக் கிடைத்து, அக்கறையோடு உடனிருக்க ஒருவரும் வாய்த்தபோது, அவர் அதைச் செய்து காட்டினார். இப்பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு உதவும்.

புண்பட்ட பெருமை

இரண்டாம் முறை சென்னையின் பெயர் இத்தனை மகிழ்ச்சியோடு பேசப்படவில்லை. 2008-இல் இந்தியாவில் மருத்துவம் பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒரு நோயாளியிடம் விந்தையான ஒரு கிருமி காணப்பட்டது. கார்பபெனெம் என்னும் உயர்வகை மருந்துகளையே சிதைத்துவிடும் ஒரு நொதியை அது உண்டாக்கியது. அந்நொதிக்குப் புது தில்லியின் பெயரைச் சேர்த்து ‘என்.டி.எம்.-1’ என்று பெயரிட்டனர். 2010 ஆகஸ்டில் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ ஏட்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன் முதல் ஆசிரியர், தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்நொதியைக் கொண்ட கிருமி மாதிரிகள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கண்டறியப்பட்டதாக அது தெரிவித்தது.

இதில் அஞ்சத்தக்க செய்தி யாதெனில், இந்நொதியை உண்டாக்கும் மரபணு ஒரே இனக் கிருமியோடு நிற்பதில்லை. அண்டை வீட்டாருக்குக் கைமாற்றுக் கொடுப்பதுபோல், ஓரினக் கிருமி மற்றோர் இனக் கிருமிக்கு அதைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அன்று நாட்டில் எழுந்த பேச்செல்லாம் இதைப் பற்றியதன்று. தலைநகரின் பெயரை ஒரு கிருமிக்குச் சூட்டலாமா, வெளிநாட்டு நோயாளரை நம் மருத்துவமனைகளுக்கு வரவிடாமல் செய்யும் சூழ்ச்சியோ இது என்றே வாதம் நிகழ்ந்தது. பெயர் சூட்டியது முறையன்று என்ற மனக்குறைக்கு நியாயம் உண்டு. ஆயினும் பெயரைக் குறித்த சினம் கிருமியைக் குறித்த கவலையை மறைத்துவிடலாகாது. 2011 ஏப்ரலில் வெளியான மற்றோர் ஆய்வு, புது தில்லியில் எடுக்கப்பட்ட குழாய்நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும், தெருக்களில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும் அம்மரபணுவைக் கண்டது. மயிலாப்பூரின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாயை நாள்தோறும் கடப்பவர்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

சட்டமும் ஏழையும்

இந்நிலையில் நடுவண் அரசு 2011-இல் மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கான தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பனையைக் கண்டிப்பாகத் தடுக்கவும் முற்பட்டது. ஆனால் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் வணிகர் மட்டுமல்லர். மருத்துவரே இல்லாத சிற்றூரில் நிமோனியாவால் மூச்சிரைக்கும் குழந்தைக்குச் சீட்டு எழுதித் தருபவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மருந்து மிகுதியால் கெடுபவர்கள் வாழும் இதே நாட்டில், மருந்து கிட்டாமல் மாள்பவர்களும் வாழ்கிறார்கள். அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

இவ்விடத்தில்தான் சென்னை மூன்றாம் முறை வருகிறது. 2012 ஆகஸ்டு 24-ஆம் நாள், நாட்டின் பல மருத்துவச் சங்கங்களின் பேராளர்களும் அரசுத் தரப்பினரும் சென்னையில் கூடினர். தொற்றுநோய் மருத்துவரான டாக்டர் அப்துல் கபூர் இதனை ஒருங்கிணைத்தார். அங்கு உருவான ஆவணம் ‘சென்னைப் பிரகடனம்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. குறையற்ற சட்டம் ஒன்றை எழுதி அதனை ஏட்டில் உறங்கவிடுவதைவிட, செயற்படுத்தக்கூடிய சட்டத்தை எழுதிப் படிப்படியாக இறுக்குவதே நலம் என்பது அதன் அடிப்படை. முதலில் மிக உயர்ந்த, கடைசிப் புகலிடமான மருந்துகளைக் காத்திடுவோம். சிற்றூரின் குழந்தைக்கு வேண்டிய எளிய மருந்துகளின் வழியை உடனே அடைத்துவிடவேண்டாம். மருத்துவமனைகளில் தொற்றுத்தடுப்புக் குழுக்களைக் கட்டாயமாக்குவோம் என்றது அது.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 2013 ஆகஸ்டில் நடுவண் அரசு மருந்துச் சட்ட விதிகளில் ‘அட்டவணை எச்-1’ என்னும் புதிய பட்டியலைச் சேர்த்தது. 2014 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது. உயர்வகை ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்திற்கு அடிமையாக்கும் சில மருந்துகள் என 46 மருந்துகள் அதில் இடம்பெற்றன. இவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, எழுதித் தந்த மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்றாண்டுகள் காத்துவரவேண்டும். எளிய ஆன்டிபயாடிக்குகளோ முன்னரே ‘அட்டவணை எச்’ பட்டியலில் உள்ளவை. அவற்றிற்கும் சட்டப்படி சீட்டு வேண்டும். ஆனால் பதிவேடு இல்லாமையால் அவ்விதி பெரும்பாலும் காற்றில் பறக்கிறது.

கொள்கை நடந்த தூரம்

2016-இல் இத்தகைய மருந்துகளின் அட்டையில் உள்ள செங்குத்தான சிவப்புக் கோட்டைக் குறித்து மக்களுக்கு அறிவுறுத்தும் இயக்கம் தொடங்கப்பட்டது. எழுத்தறியாதவரும் அக்கோட்டைக் கண்டு, ‘இது சீட்டின்றி உண்ணத்தகாதது’ என அறியலாம். 2017 ஏப்ரலில் ஐந்தாண்டுக்கான தேசியச் செயல்திட்டம் வெளிவந்தது. மக்களிடை விழிப்பு, கண்காணிப்பு, தொற்றுத்தடுப்பு, மருந்துகளின் முறையான பயன்பாடு, ஆராய்ச்சி, தலைமையும் கூட்டுறவும் என ஆறு நோக்கங்களை அது முன்வைத்தது. மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒரே நலமாகக் கருதவேண்டும் என்றது. வேறெதுவும் பயன்படாதபோது மருத்துவர்கள் கடைசியாக நாடும் கோலிஸ்டின் என்னும் மருந்து, கோழிகள் விரைந்து கொழுக்கத் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. 2019 சூலையில் நடுவண் அரசு அதனை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடைசெய்தது. 2025 நவம்பரில், 2029 வரைக்குமான இரண்டாம் செயல்திட்டமும் வெளியிடப்பட்டது.

இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் குறைகளைக் கூறாதிருப்பது நேர்மையாகாது. நம் அரசியலமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு. மருந்துக் கடைக்கு உரிமம் வழங்குவதும் ஆய்வாளரை அனுப்புவதும் மாநில அரசே. தில்லியில் எழுதப்படும் திட்டம் மாநிலத்தின் கை வழியாகவே மருந்துக் கடைக்கு வரமுடியும். முதற்செயல்திட்டக் காலத்திலோ கேரளம் 2018-லும், மத்தியப் பிரதேசம் 2019-லும், தில்லி 2020-லும் எனச் சில மாநிலங்களே தமக்கென விரிவான திட்டம் வகுத்தன. மருந்து ஆலைகளின் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சத்திற்கு வரம்பு விதிக்கும் வரைவு 2020 சனவரியில் வெளியாயிற்று. 2021-இல் இறுதி விதிகள் வந்தபோது அவ்வரம்புகள் காணாமற்போயின.

மருத்துவ உலகும் தன்னைச் சோதித்துக்கொள்ளவேண்டும். நாட்டின் 20 பெரிய மருத்துவமனைகளில் 2021-22-இல் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய கணக்கெடுப்பில், உள்நோயாளரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் பாதிக்குமேல் நோயைத் தீர்க்க அன்று. வராமல் தடுக்கவே கொடுக்கப்பட்டவை. 2024 சனவரியில் நடுவண் அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர், ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் தவறாது குறிக்குமாறு மருத்துவர்களையும், சீட்டின்றி விற்காதிருக்குமாறு மருந்தாளுநர்களையும் கேட்டு மடல் எழுதினார். வேண்டுகோள் நன்று. அது நிறைவேறுகிறதா என்று பார்க்கும் கண் வேண்டும்.

வற்றும் ஏரி

நம்மில் பலர் துணியும் நகையும் வாங்கச் செல்லும் தியாகராய நகர், 1920-களில் மயிலாப்பூர்ப் பெரிய ஏரியின் நிலத்தில் எழுந்த குடியிருப்பு. அன்று அந்த ஏரியை மூடியவர்கள் தீயவர் அல்லர். வீடு வேண்டும் என்னும் நியாயமான தேவை அவர்களுக்கு இருந்தது. எனினும் போன ஏரி போனதுதான். அந்நீரைத் திரும்பக் கொணர ஒருவராலும் இயலாது.

ஆன்டிபயாடிக்கின் ஆற்றலும் அத்தகைய பொது ஏரியே. மாத்திரையை விலை கொடுத்து வாங்கிவிடுகிறோம். ஆகவே அது நமக்கே உரியது என எண்ணுகிறோம். மாத்திரை நமக்குரியதாகலாம், அதன் ஆற்றலோ ஊருக்கெல்லாம் உரியது. தேவையின்றி நாம் இறைக்கும் ஒவ்வொரு குடமும் எவருக்கோ உயிர்காக்க வேண்டிய நீர்.

அந்த ‘எவர்’ யார்? அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் நிறுவிய புற்றுநோய் நிலையத்தை நாம் அறிவோம். பல மாநிலங்களிலிருந்தும் ஏழைகள் அங்கு வருகிறார்கள். புற்றுநோய்க்கான மருந்துகள் பல, இரத்தத்தின் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும் இயல்புடையவை. அந்நாள்களில் நோயாளிக்கு ஒரு சிறு தொற்று வந்தாலும் அவரைக் காப்பது ஆன்டிபயாடிக்கே. அது கேளாமற்போனால், புற்றுநோயை வென்றவரும் ஒரு கிருமியிடம் தோற்கவேண்டிவரும். குறைமாதத்தில் பிறந்த சிசு, இடுப்பெலும்பு முறிந்து அறுவை மருத்துவம் பெறும் பாட்டி, அறுவையால் மகப்பேறு காணும் தாய் என இவர்கள் யாவரும் அதே ஏரியின் நீரையே நம்பியிருக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என 2022-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் அத்தொகை ஏறத்தாழ 3 லட்சம். புதிய மருந்து வந்து காக்கும் எனச் சிலர் நம்புகின்றனர். சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்னும் பொருளைக் கொண்ட மருந்துக்கு 2024 பெப்ரவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது நமக்குப் பெருமையே. ஆனால் 2010-இல் நம்மைக் கலங்கவைத்த என்.டி.எம். நொதியை அதுவும் வெல்ல வல்லதன்று.

நால்வரும் ஒருவரும்

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். இந்நால்வரோடு இக்காலத்தில் அரசு என்னும் ஐந்தாமவரும் சேர்ந்துள்ளார். ஐவரில் ஒருவர் தவறினும் கொள்கை பழுதாகும்.

முதலில் அரசு. நொச்சிக்குப்பத்தில் கடலுக்குச் செல்பவரோ, தியாகராய நகர்க் கடையில் நாள் முழுதும் நின்று விற்கும் பெண்ணோ காய்ச்சல் வந்தால் மருந்துக் கடைக்கே செல்கிறார். “அண்ணே, காய்ச்சலும் இருமலும், நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும், ஏதாவது கொடுங்கள்” என்கிறார். மருத்துவரிடம் சென்றால் கட்டணம். அரசு மருத்துவமனையில் காத்திருந்தால் ஒரு நாள் கூலி இழப்பு. இவரை நோக்கி ‘சீட்டு எங்கே?’ என்று மட்டும் கேட்கும் சட்டம் பாதிச் சட்டமே. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் மருந்துகள் சென்று, மக்களுக்கு விலையின்றிக் கிடைக்கும் நல்ல ஏற்பாடு நம் மாநிலத்தில் உண்டு. உழைப்பவர் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் அந்நிலையத்தில் ஒரு மருத்துவர் இருப்பாராயின், மருந்துக் கடையில் கெஞ்சவேண்டிய தேவை பாதியாகக் குறையும். 1956-இல் சேத்துப்பட்டு நிலையம் காட்டிய வழியும் இதுவே: ஏழையை அதட்டி அன்று, அவரோடு உடனிருந்து மருந்தைக் காத்தனர்.

அடுத்து, தீர்ப்பவரும் கொடுப்பவரும். ‘ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்?’ என்று நாமே பேசி அவர்களை நெருக்குகிறோம். “இக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்; மூன்று நாள் பார்ப்போம்” என்று கூறும் மருத்துவரை மதியுங்கள். சீட்டில்லாமல் தர மறுக்கும் கடைக்காரரிடம் சினந்து, பக்கத்துக் கடைக்குச் செல்லாதீர்கள். அவர் நமக்கு வணிகத்தை இழந்து நன்மை செய்கிறார்.

இறுதியாக நம் இல்லம். படித்தவர்களும் வசதி படைத்தவர்களுமே இங்கு மிகுதியாகப் பொறுப்பேற்கவேண்டும். ஏனெனில் மருத்துவர் இல்லாத சிற்றூரின் தாய்க்கு உள்ள காரணம் நமக்கு இல்லை. மருத்துவரிடம் இரண்டு வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்: “ஐயா, இது ஆன்டிபயாடிக்கா? எத்தனை நாள் உண்ணவேண்டும்?” முற்காலத்தைவிடக் குறைந்த நாள்களே பல நோய்களுக்குப் போதும் என இன்றைய மருத்துவம் கண்டிருக்கிறது, காசநோய் போன்றவற்றிற்கோ பல மாதங்கள் வேண்டும். ஆகவே நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலையன்று. அவர் சொன்ன நாள்களை நிறைவு செய்வதே நம் வேலை. ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடாதீர்கள். உணவுக்கு முன் கை கழுவுதல், நீரைக் காய்ச்சிக் குடித்தல், குழந்தைக்குரிய தடுப்பூசிகளைக் காலத்தில் போடுதல் ஆகிய மூன்றும் ஆன்டிபயாடிக்கின் தேவையையே குறைப்பவை. நோய் வராத வீட்டில் மருந்து வீணாவதில்லை.

அலமாரியின் மேல்தட்டிலுள்ள டப்பாவை இவ்வாரமே இறக்குங்கள். மாத்திரை அட்டைகளில் சிவப்புக் கோடு உள்ளவற்றைத் தனியே பிரித்தெடுங்கள். அவற்றைக் கழிவறையிலோ சாக்கடையிலோ கொட்டவேண்டாம். கிருமிகள் பாடம் கற்கும் பள்ளிக்கூடம் அதுவே. வீட்டு அபாயக் கழிவு எனத் தனியாகக் கட்டி, மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, இம்மாத்திரை ஏன் நம் வீட்டில் இருக்கலாகாது என்பதை அவர்களுக்கு விளக்குங்கள். அவர்கள் காலத்திலும் ஏரியில் நீர் இருக்கவேண்டும்.